மறைந்திருக்கும் குணம் அழிந்து போவதில்லை
(வானொலியில் உழவர்களுக்காக ஆற்றிய உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற நான், இன்றைக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். வேளாண்மை விரிவாக்க அதிகாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பரம்பரைக் குணம் இறங்கி வருகிற கணக்கு நெல்லுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றுதான். அதனால்தான் துணிந்து பேசுகிறேன்.

புதுச்சேரியில் நான் குடியிருப்பது வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில். மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேருகிற அதே கடற்கரைக் குப்பம். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அம்மாள் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, விதை, ஒட்டு ரகம்னு எல்லாம் படிச்சிருக்கியே, இதுக்கு ஒரு பதில் சொல்லு. எம் பொண்ணுக்கு நல்லா காது கேக்குது. எந் தம்பிக்கும் கேக்குது. அதுங்க ரெண்டுக்கும் பொறந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் கேக்கல?"

மூத்த மகளைத் தம் சொந்தத் தம்பிக்கே கொடுத்திருக்கிறார். பேத்திக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை. அதனால் பேச்சும் வரவில்லை. சோதித்த டாக்டர் இது பரம்பரையாக வந்தது என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ, கிரகணத்தன்று பெண் வெளியே வந்தாள் என்று அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். இப்போது சின்ன மகளைக் கடைசித் தம்பிக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது.

அந்த அம்மாளுக்கு நான் நெல்லை வைத்துத்தான் பதில் சொன்னேன்.

ஐ.ஆர். 8 நெல்லைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட குட்டை ரகம். உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. அதை உருவாக்க 1962-ல் இரண்டு ரகங்களை ஒட்டினார்கள். ஒன்று இந்தோனேசியாவின் 'பீட்டா' என்ற நெட்டை ரகம். மற்றது தைவானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை ரகம். முதல் தலைமுறையில் வந்த பயிர் எல்லாமே நெட்டை. குட்டை எங்கே போயிற்று? அந்த நெட்டைப் பயிரின் விதையை மறுபடி விதைத்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குட்டையாக எழுந்தது! ஆக, குட்டைக் குணம் முதல் தலைமுறையில் மறைந்து இருந்ததே தவிர, அழிந்து போகவில்லை.

இதற்கு நூறு ஆண்டு முன்பே, ஆஸ்திரியப் பேரரசில் மடத்துத் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், பட்டாணிச் செடியில் இதே கணக்கைக் கண்டார். 1866-ல் அவர் அச்சிட்ட கட்டுரையில், இரண்டாம் தலைமுறைச் செடிகளில் நெட்டை 787, குட்டை 277. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்குக்கு எவ்வளவு பக்கம், பாருங்கள்!

காரணம் இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் நம் உடம்பில் இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. இந்தச் சீட்டுக்குத்தான் 'ஜீன்' என்று பெயர். சில சீட்டு ஒன்றே இருந்தாலும் தன் குணத்தைக் காட்டிவிடும். அது ஓங்கு குணம். சில சீட்டு இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அது ஒடுங்கு குணம். நெல்லில் நெட்டை ஓங்கு குணம், இந்தக் குட்டை ஒடுங்கு குணம்.

பிறவிச் செவிட்டுத் தன்மையில் பரம்பரையாக வருகிற பெரும்பாலானவை ஒடுங்கு வகையைச் சேர்ந்தவை. அந்தக் குழந்தையின் அப்பாவிடம் ஒரு நல்ல சீட்டு, ஒரு பழுதுச் சீட்டு. அம்மாவிடமும் அப்படியே. நல்ல சீட்டு ஒன்று இருப்பதால் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. குழந்தைக்கு இரு பக்கமும் பழுதுச் சீட்டே வந்து சேர்ந்துவிட்டது. இதில் கிரகணம் எங்கே வந்தது? பெண்ணின் குற்றம்தான் எங்கே வந்தது? அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்; இருவருக்கும் தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தம்பதிக்கு இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் குறை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று சிலர் தெம்பாக இருக்கிறார்கள். அது தவறு. காசைச் சுண்டினால் போன தடவை பூவா தலையா என்று காசுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு பிரசவமும் புதுச் சுண்டல்.

சரி, சின்ன மகள் கல்யாணத்துக்கு வருவோம். மூத்த மகளிடமும் தம்பியிடமும் ஒரே பழுதுச் சீட்டு இருக்கிறது என்றால், அது அநேகமாக அந்த அம்மாளின் பிறந்த வீட்டிலிருந்து, அவர் வழியாகவே மகளுக்கு இறங்கியிருக்கும். அப்படியானால் சின்ன மகளிடம் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. கடைசித் தம்பியிடமும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு வர நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பதினாறில் ஒன்று. அதே சின்ன மகளை உறவில்லாத இடத்தில் கொடுத்தால்? ஒரு பேச்சுக்கு, வெளியாரில் நூறு பேருக்கு ஒருவரிடம் இந்தச் சீட்டு இருப்பதாக வைத்துக் கொள்வோம். அப்போது எண்ணூறில் ஒன்றுதான். பதினாறு எங்கே, எண்ணூறு எங்கே!

நம் ஆட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரே கிடாவைப் பட்டியில் வைத்துக் கொண்டு, அதன் குட்டிகளுக்கே அதை விடமாட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுவார்கள்.

அதற்காக உறவில் கட்டியவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். எந்தத் தம்பதிக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று ஏதாவது பிறவிக் குறையோடு பிறப்பது உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டியவர்களிடம் அதற்கு மேல் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் என்றால் உறவு இன்னும் நெருக்கம், ஆபத்தும் இன்னும் கூடும். என்றாலும் பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் குறை தெரிந்த பிறகும் அதே வட்டத்தில் சம்பந்தம் செய்வது, தெரிந்தே பள்ளத்தில் கால் வைப்பது போலத்தான்.

இன்னும் இரண்டு விஷயம். எல்லாக் குணமும் இப்படி ஒரே ஜோடிச் சீட்டில் அடங்காது. நிறம், உயரம் எல்லாம் பல ஜீன்கள் சேர்ந்து செய்கிற வேலை. கறுப்பு அப்பாவுக்குச் சிவப்புப் பிள்ளை பிறந்தால் சந்தேகப்பட வேண்டாம். ரத்தப் பிரிவிலும் அப்படித்தான். அப்பா 'ஏ', அம்மா 'பி', பிள்ளை 'ஓ' என்று அமையலாம். 'ஓ' ஒடுங்கு வகை. இருவரிடமும் மறைந்திருந்து வந்திருக்கும். இது தெரியாமல் மனைவியைச் சந்தேகிப்பது பாவம்.

அடுத்தது, காது கேளாமை எல்லாமே பரம்பரையும் அல்ல. கர்ப்பிணிக்கு ரூபெல்லா அம்மை கண்டாலும் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எதனால் வந்தது என்று டாக்டரிடம் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். குறை சீக்கிரம் தெரிந்தால், காதுக் கருவியோ, காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையோ, பேச்சுப் பயிற்சியோ அந்தப் பிஞ்சு வயதிலேயே கொடுக்கலாம். சைகை மொழியும் கற்பிக்கலாம்.

எல்லாம் கேட்ட அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படகும் வலையும் வெளிய போயிடக் கூடாதுன்னுதான் தம்பி அங்கயே கொடுக்கறோம். பொண்ணும் கண் எதிர்ல இருப்பா" என்றார். நியாயமான பேச்சுதான். மறுக்க முடியவில்லை. "படகைப் பங்கு பேசிக் கொள்ளலாம் அம்மா, இந்தச் சீட்டைப் பேசித் தீர்க்க முடியாதே" என்றேன்.

"வீட்ல சொல்றேன். மொதல்ல எம் பொண்ணு மேல பழி இல்லைன்னு சொல்றேன்" என்று கூடையைத் தூக்கிக் கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழி ஒரு தாயின் தலையில் இருந்தால், இன்றைக்கே அதை இறக்கி வையுங்கள். கல்யாணப் பேச்சை அதன் பிறகு தொடங்கலாம்.