மங்கலில் பிறக்கும் தெளிவு

புகைப்படம் ஒன்று கைக்கு வந்ததும் நாம் பார்ப்பது அது தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதையே. முகமும், பின்னாலுள்ள சுவரும், சுவரில் தொங்கும் நாட்காட்டியும் ஒன்றுபோல் துலங்கினால் ‘பேஷ்!’ என்கிறோம். ஆனால் நம் கண் உலகத்தை அவ்வாறா பார்க்கிறது? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுக்கே கண்ணுக்குப் பூரணமான கூர்மை உண்டு. சுற்றியுள்ளவை யாவும் மங்கலே. கண் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பதால் அம்மங்கலை நாம் உணர்வதில்லை.

இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டு, இங்கிலாந்தில் பீட்டர் ஹென்றி எமர்சன் என்பவர் 1889-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். படத்தில் எது பிரதானமோ அது துலங்க வேண்டும். மற்றவை சற்றே அடங்கி நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அதை லென்ஸைக் கொண்டு சாதித்தார். இன்றோ, எடுத்து முடிந்த படத்திலேயே கணினியின் உதவியால் அதைச் செய்யலாம்.

செய்யும் முறைதான் வேடிக்கையானது. கூர்மையை உண்டாக்குவது மங்கலே! 1930-களில் இருட்டறைத் தொழிலாளர் நெகடிவிலிருந்து மங்கலான பிரதியொன்றை எடுத்து, அதையும் நெகடிவையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து அச்சிட்டனர். பெரிய ஒளி நிழல்களை மங்கற் பிரதி அடக்கிவிட, நுண்ணிய விளிம்புகள் மட்டும் எடுப்பாக நின்றன. ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற அப்பழைய பெயரே 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பிலும் வழங்கி வருகிறது. கணினி படத்தின் மங்கற் பிரதியொன்றை ஆக்குகிறது. அசலுக்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை அசலுடன் கூட்டுகிறது. விளிம்பின் இருண்ட பக்கம் மேலும் இருள்கிறது. வெளிச்சப் பக்கம் மேலும் வெளுக்கிறது. கண் அதைக் கூர்மையென்று கொள்கிறது.

ஆகவே இது புதிய விவரம் எதையும் சிருஷ்டிப்பதில்லை. உள்ளதை எடுத்துக் காட்டுகிறது. அளவு மீறினாலோ தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். கன்னம் மணற்காகிதம் போலாகும். வானமெங்கும் புள்ளிகள் பொரியும்.

படம் முழுவதையும் ஒருங்கே கூர்மையாக்குவது, வகுப்பிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் பதில் சொல்வது போலத்தான். ஒருவர் சொல்வதும் காதில் விழாது. பேச வேண்டியவர் மட்டும் பேசட்டும். முகப் படமாயின் கண்மணி, இமை, புருவம், உதட்டின் ஓரம், தலைமயிர், புடைவைக் கரை இவற்றுக்குக் கூர்மை போதும். கன்னத்தையும் நெற்றியையும் தொட வேண்டாம். பின்னணியின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சிறிது தணித்தால் ஆள் தானே முன்வந்து நிற்பார். எந்த அளவில் அச்சிடப் போகிறோமோ அந்த அளவுக்குப் படத்தைக் கொண்டுவந்த பின், கடைசி வேலையாகவே கூர்மை சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் அலங்கார விஷயம் என்று எண்ணலாகாது. பல வீடுகளில் பாட்டனாருக்கோ பாட்டிக்கோ இருப்பது ஒரே ஒரு படம். அதுவும் பழுத்து மங்கியது. அதைத் தெளிவாக்கும் ஆசை இயல்பானதே. ஆனால் இப்பொழுது வந்துள்ள சில செயற்கை அறிவுக் கருவிகள், படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் தாம் கற்ற எண்ணற்ற முகங்களிலிருந்து ஊகித்து வரைந்துவிடுகின்றன. படம் பளிச்சென்று இருக்கும். பாட்டி மட்டும் அதில் இருக்கமாட்டாள்! அவளை நேரில் கண்டவர்கள் உடனே ஐயுறுவர். காணாத பேரக் குழந்தைகளோ அந்த அந்நிய முகத்தையே பாட்டியென்று நம்பி வளர்வார்கள்.

எனவே அசல் படத்தை நன்றாக நகலெடுத்து, அந்நகலைத் தொடாமல் ஒருபுறம் பத்திரப்படுத்துங்கள். வேலையெல்லாம் வேறொரு பிரதியில் நடக்கட்டும். கண்களுக்குச் சிறிது கூர்மை, பின்னணிக்குச் சிறிது அடக்கம். அவ்வளவோடு கையை நிறுத்துங்கள். மீதியுள்ள மங்கல் காலம் இட்ட கையெழுத்து. அதை அழித்து அவ்விடத்தில் பொய்யான தெளிவை வைப்பதைவிட, மங்கலான மெய்முகமே வீட்டுச் சுவருக்குப் பெருமை.