கேள்வி கேட்ட விசுவாசி

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ், கிறிஸ்தவ விசுவாசத்தைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொன்னவர். மனிதருக்கு ஏன் துன்பம் வருகிறது என்ற கேள்விக்கு 1940-இலேயே தனிப் புத்தகம் எழுதி விடை சொன்னார். அந்த விடை அவருக்கே ஆறுதல் தராமல் போன நாள் 1960 ஜூலை 13. அன்று அவருடைய மனைவி ஜாய் டேவிட்மன் புற்றுநோயால் இறந்தார்.

லூயிஸ் ஒன்பது வயதிலேயே தாயை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். அம்மா பிழைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஜெபித்தது; அம்மா பிழைக்கவில்லை. பதின்ம வயதில் நாத்திகரானவர், 1931-இல்தான் கிறிஸ்துவிடம் திரும்பி வந்தார். ஜாய்க்கு நடந்தது வேறு. 1957-இல் மருத்துவமனைக் கட்டிலருகே அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்த குருவானவர், நோயாளிமேல் கைவைத்து ஜெபித்தார். சாகக் கிடந்த ஜாய் எழுந்து நடந்தார். 1959-இல் நோய் மறுபடி வந்தது. அடுத்த ஏப்ரலில் இருவரும் கிரேக்கத்துக்குப் போய்வந்தார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. கேட்டது கிடைக்காத வேதனையைவிட, கிடைத்தது பறிபோன வேதனை கொடியது.

வீட்டில் கிடந்த வெற்று நோட்டுப் புத்தகங்களில் லூயிஸ் தன் துக்கத்தை எழுதத் தொடங்கினார். கடவுள் இல்லையோ என்பதல்ல அவருடைய அச்சம். இருக்கிற கடவுள் கொடூரமானவரோ என்பதே அவரை உலுக்கியது. மத ஆறுதல் சொல்ல வந்தவர்கள்மேல் எரிச்சல்பட்டார். அதையும் மறைக்காமல் எழுதினார். பக்கங்கள் போகப்போகக் கோபம் தணிகிறது, துதிக்கவும் முடிகிறது. ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. 1961-இல் அந்தக் குறிப்பு புனைபெயரில் புத்தகமாக வெளிவந்தது. எழுதியவர் யாரென்று தெரியாத நண்பர்கள், துக்கத்துக்கு நல்லதென்று அதை அவருக்கே சிபாரிசு செய்தார்கள்! அவர் 1963-இல் இறந்த பிறகே அது அவருடைய பெயரில் அச்சானது.

இப்படிக் கடவுளிடமே கேள்வி கேட்பது விசுவாசக் குறைவா? வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் நம்பிக்கைச் சொல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது; ஆனாலும் அது ஜெபம், கடவுளைப் பார்த்தே பேசுகிறது. பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபு, தன்னைப் படைத்தவரையே வழக்குக்கு அழைத்தான். அவனுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான். சரியாகப் பேசியவன் யோபு என்றார்.

நம் சபைகளில் துக்க வீட்டுக்குப் போகிற நாம், உட்காரும் முன்பே “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “ஏன் ஆண்டவரே?” என்று கதறினால், பக்கத்திலிருப்பவர் பதறிப்போய் அடக்குகிறார். தயவுசெய்து அடக்காதீர்கள். யோபுவின் நண்பர்களும் வாய் திறக்குமுன் ஏழு நாள் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதை நாமும் செய்யலாம்.