மருந்து ஹோல்சேல்: லாபத்தை எக்ஸ்பைரி தின்னுடும், உஷார்!

"மருந்துக்கு எப்பவும் டிமாண்ட் இருக்கே, ஹோல்சேல் ஏஜென்சி எடுக்கலாமா?"னு நிறைய பேர் கேட்கிறீங்க.

முதல்ல லைசென்ஸ். படிவம் 20பி, 21பி ரெண்டும் வேணும். குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், பார்மசிஸ்ட் அல்லது விதிப்படி அனுபவமுள்ள ஒருத்தர் கட்டாயம். இன்சுலின் விற்கணும்னா 2–8 டிகிரி ஃப்ரிட்ஜ், கரண்ட் போனா பேக்கப்.

அடுத்து மார்ஜின். விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு வழக்கமா 8%, மற்றதுக்கு 10%தான். இப்போ கணக்கைப் பாருங்க. 10,000 ரூபாய் சரக்கு எக்ஸ்பைரி ஆகி, கம்பெனி திரும்ப எடுக்கலைன்னா? 8% மார்ஜின்ல அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இன்னும் 1.25 லட்சம் ரூபாய் சரக்கு ஓடணும். வாடகை, சம்பளம் தனி!

அதனால ஏஜென்சி எடுக்கும் முன்னாடியே, காலாவதி சரக்கை எப்போ, எவ்வளவு தொகைக்குத் திருப்பி எடுப்பாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க. முதல்ல எக்ஸ்பைரி ஆகுறதை முதல்ல வித்துடுங்க.