ஏழு வருடத்தில் பணம் திரும்பும் என்ற கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் ஏறக்குறைய பாதி வீடுகள் இன்னும் எண்ணெயை எரித்துத்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. வீட்டைச் சூடாக்க இந்த அளவுக்கு எண்ணெயை நம்பியிருக்கும் மாநிலம் அந்த நாட்டில் வேறில்லை. நிலவறையில் 275 கேலன், அதாவது ஆயிரம் லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும் இரும்பு டேங்க் நிற்கும். லாரி வந்து வெளிச்சுவரிலுள்ள குழாயில் ஹோஸை மாட்டியதும், டேங்கிலிருந்து வெளியேறும் காற்றில் ஒரு விசில் ஒலிக்கத் தொடங்கும். விசில் நின்றால் டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரிக்காரர் புரிந்துகொள்வார். ஒரு குளிர்காலத்துக்கு 800 கேலன் எரிப்பது அங்கே சாதாரணம். கேலன் 4 டாலர் என்றால் 3,200 டாலர் செலவு.

இந்தக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கோடையிலேயே விலை பேசி முன்பணம் கட்டிவிடுங்கள் என்கிறார் ஒருவர். எண்ணெயை விட்டு ஹீட் பம்புக்கு மாறுங்கள் என்கிறார் இன்னொருவர். பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், சுவருக்குள் வெப்பம் காக்கும் பஞ்சை அடைத்துவிடுங்கள் என்று வேறு சிலர். எல்லா ஆலோசனையும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கும்: போட்ட பணம் ஏழு வருடத்தில் திரும்பும், அல்லது ஐந்தில், அல்லது பத்தில். மொத்தச் செலவை வருடச் சேமிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வகுத்தலில் தவறு இருக்காது. ஆனால் அந்த ‘வருடச் சேமிப்பு’ என்பதற்குள் மூன்று ஊகங்கள் இருக்கின்றன: எரிபொருளின் நாளைய விலை, கருவியின் உண்மையான திறன், அந்த வீட்டில் இருப்பவர்கள் வாழும் விதம். மூன்றாவதுதான் மிகப் பெரிய பிழையைத் தருகிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முதலில் விலை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் சொன்ன நேரம் அது. மெய்ன் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் குடும்பங்கள் பலவும் கேலனுக்கு 4.50 டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நிதி நெருக்கடி வெடித்து டிசம்பரில் கச்சா எண்ணெய் 40 டாலருக்கும் கீழே போனது. சந்தையில் கேலன் 2.50 டாலருக்குக் கிடைத்தபோது, முன்யோசனையோடு நடந்துகொண்டவர்கள் அதைவிட மிக அதிகம் கொடுத்து வீட்டைச் சூடாக்கினார்கள். 2016 தொடக்கத்தில் மெய்னில் கேலன் 2 டாலருக்குக் கீழே இறங்கியது. 2022-ல் உக்ரைன் போரையடுத்து 5 டாலரைத் தாண்டியது. வீட்டு எண்ணெயும் டீசலும் ஏறக்குறைய ஒரே பொருள். நியூயார்க் முன்பேரச் சந்தையில் 1978-ல் தொடங்கிய ஹீட்டிங் ஆயில் ஒப்பந்தமே 2013 முதல் கந்தகம் குறைந்த டீசலுக்கான ஒப்பந்தமாகிவிட்டது. அதனால் எங்கோ லாரிகளுக்கு டீசல் தட்டுப்பாடு வந்தால், இங்கே நிலவறை டேங்கை நிரப்பும் செலவு ஏறுகிறது. ‘எண்ணெய் விலை வருடத்துக்கு 3 சதவீதம் ஏறும்’ என்று எழுதித் தொடங்கும் கணக்குக்கு இந்த வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

நிபுணர்களுக்கும் இது பிடிபடவில்லை. 2003-ல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் நாடாளுமன்றத்தில் இயற்கை எரிவாயுத் தட்டுப்பாட்டைப் பற்றி எச்சரித்து, திரவமாக்கிய எரிவாயுவை இறக்குமதி செய்ய வேண்டியிருக்கும் என்றார். லூசியானாவில் சபின் பாஸ் முனையம் இறக்குமதிக்காகக் கட்டப்பட்டு 2008-ல் திறக்கப்பட்டது. அதற்குள் பாறைப் படிவங்களிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம் நிலைமையைத் தலைகீழாக்கியது. 2016-ல் அதே முனையத்திலிருந்து எரிவாயு ஏற்றுமதியானது. நூற்றுக்கணக்கான கோடி டாலர் போட்ட நிறுவனமே இப்படித் திசை மாற நேர்ந்தது என்றால், ஒரு ஓய்வூதியக்காரரிடம் பதினைந்து வருட விலைக்கோட்டைக் காட்டி முடிவெடுக்கச் சொல்வது நியாயமா?

அடுத்தது கருவி. ஒரு கேலன் எண்ணெயில் சுமார் 40 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் இருக்கிறது. 85 சதவீதத் திறனுள்ள பாய்லர் அதில் 34 யூனிட் அளவு வெப்பத்தை வீட்டுக்குத் தரும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துக் கொண்டுவருகிறது. குளிர்காலச் சராசரியாக 1 யூனிட் மின்சாரத்துக்கு 2.5 யூனிட் வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கேலனின் வேலைக்கு 14 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும். யூனிட் 16 சென்ட் என்றால் எண்ணெய் 2.20 டாலருக்கு மேல் போனாலே ஹீட் பம்ப் லாபம். யூனிட் 28 சென்ட் என்றால் எண்ணெய் சுமார் 3.80 டாலரைத் தாண்டினால்தான் லாபம். அந்த 2.5 என்ற எண்ணும் நிலையானதல்ல. வெளியே குளிர் கூடக் கூட அது இறங்கும். வெப்பம் அதிகம் தேவைப்படும் இரவில்தான் மிகக் குறைவாக இருக்கும்.

எண்ணெய் விலையும் மின்கட்டணமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பது இன்னொரு ஊகம். நியூ இங்கிலாந்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி எரிவாயுவிலிருந்து வருகிறது. உக்ரைன் போரில் எரிவாயு விலையும் ஏறியது. மெய்னின் பெரும்பகுதியில், கம்பிக் கட்டணம் நீங்கலாக, 2021-ல் யூனிட்டுக்கு ஆறரை சென்ட் அளவில் இருந்த மின்சார விலை 2023-ல் 17 சென்ட்டைத் தாண்டியது. எண்ணெயிலிருந்து தப்பி மின்சாரத்துக்கு வந்த குடும்பத்தை அதே புயல் இங்கேயும் பிடித்தது. இதனால் ஹீட் பம்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025-க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2019-ல் மெய்ன் வைத்த இலக்கு இரண்டு வருடம் முன்னதாகவே எட்டப்பட்டது. அந்தக் கடுங்குளிரிலும் அவை வேலை செய்கின்றன. கரியமில வாயுவைக் குறைக்க அந்த வழிதான் சரி. ஆனால் அந்தக் காரணத்தை அந்தக் காரணமாகவே சொல்ல வேண்டும். பணம் ஏழு வருடத்தில் திரும்பும் என்ற உத்தரவாதத்துக்குள் அதை நுழைக்கக் கூடாது.

இனி மனிதர்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 3,400 ஜெர்மன் வீடுகளின் விவரங்களைப் பார்த்தார்கள். வீட்டின் சுவர், ஜன்னல், பாய்லர் ஆகியவற்றை வைத்து இவ்வளவு எரிபொருள் தேவைப்படும் என்று கணக்கிட்ட அளவைவிட, உண்மையில் மக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே எரித்திருந்தார்கள். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்த இடைவெளியும் பெரியது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வெப்பம் கசியும் வீட்டை முழுதும் சூடாக்கக் கட்டுப்படியாகாதவர்கள் ஓர் அறையை மட்டும் சூடாக்கி, மற்ற கதவுகளைச் சாத்திவிட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எரிக்காத எண்ணெயை யாரும் சேமித்துக் கொடுக்க முடியாது. ஆனால் ஆலோசகரின் மென்பொருள் எல்லா அறையும் 20 டிகிரியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அந்த எண்ணெயையும் சேமிப்பில் சேர்த்துவிடுகிறது. ஏழைக் குடும்பத்துக்குத்தான் மிகப் பெரிய சேமிப்பு காட்டப்படுகிறது. அங்கேதான் அது மிக அதிகமாகப் பொய்க்கிறது.

மிச்சிகனில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து மெரிடித் ஃபௌலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வோல்ஃப்ராம் ஆகியோர் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. அரசு செலவில் வீட்டின் இடுக்குகளை அடைத்து, சூடாக்கும் கருவியை மாற்றிக் கொடுக்கும் திட்டத்தை அது ஆராய்ந்தது. மாதிரிக் கணக்கு சொன்ன சேமிப்பு உண்மைச் சேமிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். செலவழித்த பணத்தில் பாதியளவுதான் எரிபொருள் மிச்சமாகத் திரும்பியது. வேலை முடிந்த பிறகு மக்கள் வீட்டை முன்னைவிடக் கூடுதலாகச் சூடாக்கிக்கொண்டார்கள் என்று பழி சொல்லவும் வழியில்லை. அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த எண்களைக் காட்டி இடுக்கு அடைப்பதே வீண் என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வருடத்துக்கு 100 கேலன் மிச்சமாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் 2 டாலராக இருந்தால் மிச்சம் 200 டாலர். 5 டாலர் என்றால் 500. குடும்பம் மிகவும் திணறும் வருடத்தில்தான் மிகப் பெரிய தொகை கைக்கு வருகிறது. சராசரி விலையைப் போட்டு வகுக்கும் கணக்கில் இந்தப் பாதுகாப்புக்கு மதிப்பே கிடையாது. கோடை ஒப்பந்தமும் விலையேற்றத்திலிருந்து காக்கும், ஆனால் விலை இறங்கினால் 2008-ல் போலத் திருப்பி அடிக்கும். அடைத்த சுவர் அப்படி அடிக்காது. இருப்பதைவிட அதிகச் சேமிப்பைக் காட்டும் அதே ஆலோசனைத் தாள், இந்த ஒரு நன்மையை எழுத மறந்துவிடுகிறது.

மும்பையில் பிறந்த பொருளியல் அறிஞர் அவினாஷ் தீட்சித் 1994-ல் ராபர்ட் பிண்டைக்கோடு சேர்ந்து எழுதிய நூலில், திரும்பப் பெற முடியாத முதலீட்டில் காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று காட்டினார். அதனால் பழைய பாய்லரை ஓட்டிக்கொண்டு தள்ளிப்போடும் குடும்பத்தின் முடிவை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஜனவரியில் பாய்லர் செத்துப்போனால் காத்திருக்க இடமில்லை. அன்று யார் கையில் எது இருக்கிறதோ அதுதான் வீட்டுக்கு வரும். ஆகவே பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் பார்ப்பது நல்லது.

அதற்கான சரியான தரவு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் டீலர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள், அதற்குக் கே-ஃபேக்டர் என்று பெயர். நாளின் சராசரி வெப்பநிலை 65 ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறதோ அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மெய்னின் போர்ட்லண்ட் நகரில் வருடத்துக்கு அது சுமார் 7,000 வரும். எத்தனை டிகிரிக்கு ஒரு கேலன் தீர்கிறது என்பதுதான் அந்த எண். டேங்க் எப்போது காலியாகும் என்று கணித்து லாரி அனுப்ப வைத்திருப்பது; தவறினால் வீடு உறைந்துபோகும் என்பதால் கவனமாகத் திருத்திக்கொண்டே வருவார்கள். சாத்திய அறைகள், கம்பளி, இடுக்கு எல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. கடந்த மூன்று குளிர்காலத்துக் கேலன்களையும் இந்த எண்ணையும் டீலரிடம் கேட்டு வாங்கி, எண்ணெய் 2 டாலர், 3.50 டாலர், 5 டாலர் என்று மூன்று விலைக்கும் தனித்தனியே வகுத்துப் பார்க்கலாம். அப்போது ஏழு வருடம் என்ற ஒற்றை விடை, சில வீடுகளில் ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே விரியும். ஆலோசனைத் தாளில் அச்சிட வேண்டியது அந்த மூன்று விடைகளைத்தான்.