கம்பியா? கண்ணாடியா? வெட்டவெளியா?

வைவாவில் 'டிரான்ஸ்மிஷன் மீடியா எத்தனை வகை?' என்று கேட்டால், கைடட், அன்கைடட் என்று கடகடவென ஒப்பித்து விடுகிறோம். 'சரி, இந்த இடத்துக்கு எது பொருந்தும்?' என்று எக்ஸ்டர்னல் திருப்பிக் கேட்டால் திருதிருவென முழிக்கிறோம். வேலைக்குப் போனால் அந்த இரண்டாவது கேள்விக்குத்தாங்க சம்பளம்!

முதலில் செம்புக் கம்பி. லேபில் கம்ப்யூட்டர்களை இணைப்பது டிவிஸ்டட் பேர். கம்பிகளை ஏன் முறுக்குகிறார்கள், அழகுக்கா? இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய சமமாக விழும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்து போகும். விலை மலிவு, ஆனால் ஈதர்நெட்டில் 100 மீட்டரோடு சரி. கோ-ஆக்ஸியலில் நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை காவல் நிற்கும். பழைய தின் ஈதர்நெட் இதில்தான் 185 மீட்டர் வரை ஓடியது.

அடுத்தது ஆப்டிகல் ஃபைபர். முழு அக எதிரொளிப்பால் ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே ஓடும். தூய கண்ணாடியில் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-இல் காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்ம ஆலங்குளம் சிமெண்ட் ஆலை மாதிரி பெரிய மோட்டார்கள் சுற்றும் இடங்களுக்கு இதுவே தோது; மின்காந்த இரைச்சல் ஒளியைத் தொடாது.

மூன்றாவது வெட்டவெளி. ரேடியோ, மைக்ரோவேவ், சாட்டிலைட். கம்பி வேண்டாம். ஆனால் மைக்ரோவேவுக்கு நேர்ப்பார்வை வேண்டும். ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலையை அது துளைத்துப் போகாது.

இனி ஒரு கணக்கு. அந்தமான் தீவுகள் வெகுகாலம் சாட்டிலைட்டையே நம்பியிருந்தன. சிக்னல் 36,000 கி.மீ. ஏறி, அதே தூரம் இறங்க வேண்டும். நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போனாலும் 0.24 நொடி ஆகும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஃபைபர் வந்தது. மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு 2 லட்சம் கி.மீ.தான். ஆனாலும் மொத்த நீளத்தையும் கடக்க 0.0115 நொடி போதும். மெதுவாக ஓடியது இருபது மடங்கு முந்திவிட்டது. பாதை குறைவு, அவ்வளவுதான்!

அதற்காக சாட்டிலைட்டை மட்டம் தட்டாதீர்கள். நடுக்கடலில் போகும் கப்பலுக்கு எந்தக் கேபிளை இழுப்பது?

ஆகவே தோழர்களே, தூரம், வேகம், இரைச்சல், செலவு - இந்த நாலையும் கேட்டுவிட்டுக் கம்பியைத் தொடுங்கள். வகையைப் புத்தகம் சொல்லும். எது சரி என்பதை இடம்தான் சொல்லும்.