கொங்கு இரவுகள் – 9: கதவுக்குப் பின்னே காக்டெயில், எல்லைக்கு அப்பால் கள்

அமெரிக்காவில் 1920-இல் மதுவிலக்கு வந்தது. 1933 டிசம்பரில் அது நீங்கும்வரை, குடிக்க நினைத்தவர்கள் பின்கதவைத் தட்டி, அடையாளச் சொல் சொல்லி உள்ளே போனார்கள். திருட்டுச் சரக்கின் காட்டம் தெரியாமலிருக்க எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து கொடுத்தார்கள். 'ஸ்பீக்கீஸி' எனப்பட்ட அந்த ரகசிய பார்களின் பாணிக்கு இன்று உலகெங்கும் மவுசு.

கோவை அவிநாசி சாலையில் ஓர் ஓட்டலுக்குள் அந்தப் பாணியில் அமைந்த சின்ன பாருக்குப் போன வாரம் போயிருந்தேன். மங்கலான வெளிச்சம், பத்துப் பேர் உட்கார இடம். பார்டெண்டர் சர்க்கரைக் கட்டியில் கசப்புச் சாறு நாலு சொட்டு விட்டு நசுக்கினார். 60 மில்லி விஸ்கியை அளந்து ஊற்றி, பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு நிதானமாகக் கலக்கினார். ஆரஞ்சுத் தோலை கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கியதும் வாசனை மூக்கைத் தொட்டது. அந்த ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். அளவும் பொறுமையும் உள்ள இடத்தில் குடி கண்ணியமாகவே இருக்கிறது.

அடுத்து இளநீரும் கருப்பட்டிப் பாகும் ரம்மும் சேர்ந்த ஒன்றைக் காட்டினார். "இதுல கள்ளு சேர்த்தா எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குமுங்க. ஆனா அதை வெச்சிருந்தாலே கேஸுங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சட்டம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு, சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிவிடும். பொள்ளாச்சித் தோப்பில் இதைச் செய்பவர் குற்றவாளி. எல்லை தாண்டி, பாலக்காடு மாவட்டம் சித்தூரில் அதையே செய்பவர் உரிமம் பெற்ற தொழிலாளி. கேரளத்தின் பல கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது.

தடைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை நான் மதிக்கிறேன். 1921-இல் பெரியார் தம் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றார்கள். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியும் வந்தது. கூலிப் பணம் கடையில் கரைவதைக் கண்ட பெண்களின் கண்ணீர் அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்தது.

ஆனால் 2003 நவம்பர் முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் மது விற்கிறது. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியை விற்கும் அரசு, சுமார் 5 சதவீதமே உள்ள கள்ளை மட்டும் தடுப்பதற்கு அந்தப் பழைய நியாயம் பொருந்தாது. செ. நல்லசாமி ஒருங்கிணைக்கும் கள் இயக்கம் இதைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது.

கள்ளில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்பார்களே என்ற அச்சம் நியாயமானது. கலப்படத்தைப் பரிசோதனையால்தான் பிடிக்க முடியும். மறைவில் விற்கும் பொருளை யார் பரிசோதிப்பது? தடைசெய்த சாராயமும் மறைவில் விற்கத்தான் செய்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த அந்தச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

எனவே அரசுக்கு என் வேண்டுகோள் இது: விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமம் கொடுங்கள். குறித்த நேரம், குறித்த அளவு, தினமும் பரிசோதனை என்று விதியுங்கள். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஓராண்டு நடத்திப் பார்த்து, அந்த ஊர்ப் பெண்களிடம் கருத்துக் கேட்டு, பிறகு முடிவெடுங்கள்.

(தொடரும்)