நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்

இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் ஷிப்டை எந்தத் தேதியில் எழுதுவது? வேலை நேரத்துக்கான தரவுத்தளத்தை வடிவமைப்பவர் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி இதுதான். நாளுக்கு ஒரு கட்டம் என்று அமைத்தால் ஒரே உழைப்பு இரண்டு துண்டாகிவிடும். ஓவர்டைம் கணக்கும் குழம்பும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதை யோசித்திருந்தது. அதன் 57ஆவது பிரிவு, நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகளை முந்தைய நாளிலேயே சேர்க்கச் சொன்னது. ஆகவே தொடக்கம், முடிவு இரண்டையும் தேதியோடும் மணியோடும் பதிந்து, கணக்கில் சேரும் நாளைத் தனியே குறிப்பதே சரி.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு எக்செல் போதாதா என்பார்கள். யாரும் ஷிப்டை மாற்றிக்கொள்ளாத வரை போதும். ஆனால் மாற்றிக்கொள்வார்கள், பழையதை அழித்துப் புதியதை எழுதினால் முதலில் யாருக்கு ஒதுக்கினோம் என்பதற்குச் சாட்சியே இருக்காது. அதனால்தான் போட்ட அட்டவணை ஒரு டேபிளிலும், ஆள் உண்மையில் வந்துபோன நேரம் இன்னொன்றிலும் இருக்கவேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஷிப்ட் விழக்கூடாது என்று விதி எழுதிவிட்டால், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள் அத்தகைய பதிவை ஏற்கவே ஏற்காது. சம்பளத் தகராறில் தொழிலாளிக்குத் துணை நிற்பது இந்தப் பதிவுகள்தான். மென்பொருள் வாங்கும் நிர்வாகிகளே, விலையை விசாரிக்கும் முன் இரவு ஷிப்ட் அதில் எப்படிப் பதிவாகிறது என்று கேளுங்கள்.